கேப் காட் கால்வாயில் அக்காவுடன் ஸ்ட்ரைப்பர் பிடித்தது: 33 அங்குல மீனைத் திரும்ப விட்டது முறைதானா?

கரைத்தூண்டில் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடந்த ஜூன் மாதம், அமாவாசை கழிந்த ஓரிரு நாளில், என் அக்காவை மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் கால்வாய்க்கு ஸ்ட்ரைப்ட் பாஸ் என்ற மீனைப் (ஸ்ட்ரைப்பர் என்பதும் இதுவே) பிடிக்க அழைத்துச் சென்றிருந்தேன். அந்தப் பயணத்தைப் பற்றியும், அன்று எங்களுக்குள் எழுந்து இன்றுவரை தொலைபேசியில் தொடர்ந்துகொண்டிருக்கும் ஒரு வாதத்தைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன். அனுபவமுள்ளவர்கள் பதில் சொன்னால் எங்கள் வீட்டில் அமைதி திரும்பும்.

நாங்கள் தூத்துக்குடியில் வளர்ந்தவர்கள். உப்பாற்று ஓடையில் தங்கூசியும் முள்ளும் மட்டும் வைத்துக்கொண்டு கைத்தூண்டில் போடுவதில் அக்காவுக்குத்தான் கை ராசி. நான் இரை எடுத்துக் கொடுக்கும் எடுபிடி. இப்போது அவர் கனெக்டிகட்டில் இருக்கிறார், நான் பாஸ்டனுக்குத் தெற்கே இருக்கிறேன். கனெக்டிகட்வாசிகள் தங்கள் மாநிலக் கடல் மீன்பிடி உரிமத்தை வைத்தே மாசசூசெட்ஸ் கடலிலும் தூண்டில் போடலாம் என்பதால் அவருக்குத் தனி அனுமதி வாங்கும் வேலை இல்லாமல் போயிற்று.

சாகமோர் பாலத்துக்கு மேற்கே, தென்கரைச் சாலையில், விளக்குக் கம்பங்களின் எண்ணைப் பார்த்து இடம் பிடித்தோம். (அந்தக் கால்வாயில் எல்லோரும் இடத்தைக் கம்ப எண்ணால்தான் சொல்கிறார்கள்.) கீழ்வானம் வெளுக்கும் நேரத்தில் மேற்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்த நீர் தளர்ந்து, நின்று, பிறகு கிழக்கு நோக்கித் திரும்பத் தொடங்கியது. அந்தத் திருப்பத்தில் கானாங்கெளுத்திக் கூட்டம் நீர்மட்டத்தில் சிதறியதையும், அதன் நடுவே பெரிய வால்கள் நீரை அறைந்ததையும் எதிர்க்கரைவரை பார்க்க முடிந்தது. அக்கா 3 அவுன்ஸ் எடையுள்ள பென்சில் பாப்பரை (நீர்மட்டத்தில் துள்ளும் செயற்கை இரை) வீசி, கோலின் நுனியை ஆட்டி ஆட்டி இழுத்துக்கொண்டிருந்தபோது மீன் ஏறியது. நீரோட்டத்தின் போக்கிலேயே அது இழுத்துக்கொண்டு ஓட, அவர் கோலை உயர்த்திப் பிடித்தபடி கரைப்பாறைகளின் மேல் நான்கைந்து பேரைக் கடந்து நடக்க வேண்டியிருந்தது. அவர்கள் ஒரு சொல்லும் சொல்லாமல் தங்கள் நூலைச் சுற்றி எடுத்து வழிவிட்டார்கள்.

கரைக்கு வந்தபின் கீழ்த்தாடையைப் பெருவிரலால் பற்றித் தூக்கினேன். இந்த மீனுக்கு நம் ஊர்ச் சீலாவைப்போலக் கூர்பற்கள் கிடையாது. உள்தாடை உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருக்கும். பெருவிரலின் தோல் அன்று மாலைவரை எரிந்தது. உடல்வாகு அப்படியே கொடுவாதான், ஆனால் வெள்ளிப்பக்கத்தில் செவுளிலிருந்து வால்வரை ஏழெட்டுக் கருங்கோடுகள். வயிற்றுக்கோட்டில் ஓரிடத்தில் கோடு அறுந்து ஒரு செதில் கீழே இறங்கித் தொடர்ந்தது. வாலடியில் கடற்பேன்கள் ஒட்டியிருந்ததால் அது திறந்த கடலிலிருந்து அண்மையில் உள்ளே வந்த மீன் என்று பக்கத்திலிருந்த முதியவர் சொன்னார்.

வாயை மூடி, வாலைச் சேர்த்துப் பிடித்து அளந்ததில் 33 அங்குலம். சட்டம் 28 முதல் 31 அங்குலம்வரை உள்ள ஒரு மீனை மட்டுமே எடுத்துச் செல்ல இடமளிக்கிறது. ஆகவே விட்டுவிட்டேன். வாதம் அங்கேதான் தொடங்கியது. "குஞ்சை விடச் சொன்னால் அது நியாயம், முற்றிய மீனை விடச் சொல்வது எந்த ஊர் நியாயம்?" என்பது அக்காவின் கேள்வி. விடப்படும் மீன் பிழைக்கிறதா என்பது அவருடைய இரண்டாவது கேள்வி. இரண்டுக்கும் நான் சொன்ன பதில் அவருக்குப் போதவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கே போதவில்லை.

பூர்ன்டேல் வாசி எழுதியது:

நண்பரே, நீங்கள் சென்ற நாளைத் தேர்ந்தெடுத்த விதத்துக்கே பாதிப் பாராட்டு. கேள்விகளுக்கு மற்றவர்கள் வருவார்கள். நான் கால்வாயைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே நீரைப் புரிந்துகொள்ளாமல் போகிறவர்கள் மீனைப் பற்றி வாதிடும் நிலைக்கே வருவதில்லை.

கால்வாய் 1914இல் திறக்கப்பட்டது. ஆகஸ்ட் பெல்மான்ட் என்ற செல்வந்தர் தனியார் முயற்சியாக வெட்டியதை 1928இல் கூட்டரசு வாங்கி, 1930களில் ராணுவப் பொறியாளர் படையின் மூலம் 480 அடி அகலத்துக்கு விரித்தது. ஏழு மைல் நீளமுள்ள இந்த வெட்டுக்குக் கிழக்கே கேப் காட் விரிகுடா, மேற்கே பஸர்ட்ஸ் விரிகுடா. கிழக்கில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 9 அடி. மேற்கில் சுமார் 4 அடிதான். அதோடு இரண்டு பக்கமும் நீர் உச்சத்துக்கு ஏறும் நேரத்தில் ஏறத்தாழ மூன்று மணி நேர வேறுபாடு இருக்கிறது. இதனால் கால்வாயின் இரு முனைகளிலும் நீர்மட்டம் ஒன்றாக இருக்கும் பொழுது மிகக் குறைவு. மட்டம் உயர்ந்த பக்கத்திலிருந்து தாழ்ந்த பக்கத்துக்கு நீர் பாய்ந்துகொண்டே இருக்கும்; ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திசை மாறும்; உச்ச வேகம் மணிக்கு நான்கு கடல்மைலையும் தாண்டும்.

மீன் சும்மா நீந்தி வருவதில்லை, இரையோடு வருகிறது. மேற்கே ஓடும் நீருடன் கேப் காட் விரிகுடாவிலிருந்து கானாங்கெளுத்தியும் ஹெரிங்கும் உள்ளே அடித்துவரப்படும். திசை திரும்பும் வேளையில் அந்தச் சிறுமீன்கள் நிலை தடுமாறும். பெரியவை அதற்காகவே காத்திருக்கும். அந்தத் திருப்பம் விடியலோடு ஒட்டி வரும் நாள்கள் அமாவாசை, பௌர்ணமி கழிந்த சில நாள்களில் அமைகின்றன. ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப் போவதால் அந்தச் சில நாள்களைத் தவறவிட்டால் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். கோடையில் அந்த நாள்களில் கரையில் தோளோடு தோள் உரசி நிற்பார்கள். வண்டி நிறுத்த இடம் தேடுவதே தனி வேட்டை. படகிலிருந்து கால்வாய்க்குள் தூண்டில் போடத் தடை இருப்பதால் கரையில் நிற்பவர்களுக்குத்தான் முழுக் கால்வாயும்.

அக்காவுக்கு மீன் ஏறியதும் மற்றவர்கள் நூலைச் சுற்றி எடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது அன்பினால் மட்டும் செய்வதல்ல. அந்த வேகத்தில் ஓடும் மீனைக் குறுக்கே இருக்கும் இன்னொரு நூல் சந்தித்தால் இருவருக்கும் நட்டம். நேர் எதிரே வீசுவது, பக்கத்தில் இருப்பவருக்குப் பின் வீசுவது, மீன் ஏறினால் உரக்கச் சொல்வது ஆகிய மூன்றும் தெரியாதவர்களுக்கு அங்கே கிடைக்கும் வசவு எல்லா மொழியிலும் ஒன்றுதான்.

செசபீக் கரையோன் எழுதியது:

சகோதரியின் கேள்வி நியாயமானது. மேரிலாந்தில் நாங்கள் இந்த மீனை ராக்ஃபிஷ் என்கிறோம், அது எங்கள் மாநில மீன். ஆகவே சற்று நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கால்வாயில் பிடித்த மீன் பெரும்பாலும் எங்கள் பக்கத்தில் பிறந்ததாக இருக்கும். அட்லாண்டிக் கரையில் இந்த இனத்தின் பெரும்பகுதி செசபீக் விரிகுடாவின் ஆறுகளில்தான் முட்டையிடுகிறது. ஹட்சன், டெலாவேர் ஆறுகள் அடுத்தபடி. ஏப்ரல், மே மாதங்களில் உப்பு குறைந்த ஆற்று நீரில் முட்டையிடும். அந்த முட்டை அடியில் படிந்து கிடந்தால் மூச்சடைத்துப் போகும். இரண்டு நாள்போல நீரோட்டம் அதைத் தாங்கி உருட்டிக்கொண்டே இருந்தால்தான் பொரிக்கும். குளிரும் மழையும் நிறைந்த வசந்தத்தில் குஞ்சுகள் பெருகும். வெப்பமும் வறட்சியுமான வசந்தத்தில் ஏறக்குறைய ஒன்றுமே தேறாது. ஆகவே இந்த இனத்தின் கணக்கு ஆண்டுதோறும் சீராக வருவதில்லை. ஒரு நல்ல ஆண்டில் பிறந்த கூட்டம் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முழுக் கரைக்கும் சோறு போடுகிறது. இந்த மீன் முப்பது ஆண்டுவரைகூட வாழக்கூடியது என்பதால் இடையில் வரும் மோசமான ஆண்டுகளைத் தாண்டிப் பிழைக்க முடிகிறது, பெரியவற்றை நாம் விட்டுவைத்தால்.

மேரிலாந்து அரசு 1954 முதல் ஒவ்வொரு கோடையிலும் ஆறுகளில் வலை இழுத்து அந்த ஆண்டுக் குஞ்சுகளை எண்ணி, ஓர் இழுப்புக்குச் சராசரியாக எத்தனை என்று ஒரு குறியீட்டை வெளியிடுகிறது. நீண்டகாலச் சராசரி ஏறத்தாழ 11. 2023இல் வந்த எண் 1.0. அதற்கு அடுத்த ஆண்டு 2.0. 2019 முதலே நிலைமை சராசரிக்கு வெகுகீழே இருந்துவருகிறது. அதாவது அடுத்த சில ஆண்டுகளில் 28 அங்குலத்தை எட்ட வேண்டிய கூட்டம் பிறக்கவே இல்லை. கையில் இருப்பவை அதற்கு முன் பிறந்தவை மட்டும். குறிப்பாக 2015இல் பிறந்தவை.

2022ஆம் ஆண்டில் அந்த 2015 கூட்டம் 28 அங்குலத்தைத் தாண்டி, அப்போதிருந்த 35 அங்குல மேல்வரம்புக்குள் வந்து நின்றது. பொழுதுபோக்குத் தூண்டில்காரர்கள் எடுத்துச் சென்ற மீன் முந்தைய ஆண்டைப் போல ஏறக்குறைய இருமடங்கானது. அதைக் கண்டு அட்லாண்டிக் மாநிலங்களின் கடல் மீன்வள ஆணையம் 2023 மே மாதம் அவசர நடவடிக்கையாக மேல்வரம்பை 31 அங்குலத்துக்கு இறக்கியது. 2024இல் அதை நிலைப்படுத்தியது. 2015 கூட்டம் வளர வளர அந்த வரம்பைத் தாண்டிப் பாதுகாப்புக்குள் போய்விட வேண்டும் என்பதே நோக்கம். 33 அங்குல மீன் சட்டத்தின் வலையிலிருந்து தப்பிச் சென்றுவிட்ட மீன். அதைத் திரும்பப் பிடித்து வைத்திருந்தால் அந்த ஏற்பாடு எதற்கு?

முட்டைக் கணக்கும் உண்டு. முதன்முறை முட்டையிடும் பெண்மீன் சில இலட்சம் இடும். மிகப் பெரிய மீன் 30 இலட்சத்துக்கும் மேல் இடும். 30 பவுண்டைத் தாண்டியவை அநேகமாக எல்லாமே பெண்மீன்கள். ஆகவே "பெரியதை எடு, சிறியதை விடு" என்ற பழைய வழக்கம் இந்த இனத்தில் தாய்களை மட்டும் தேர்ந்து கொல்வதாகவே முடிந்தது.

இதற்கு முன்னுதாரணமும் இருக்கிறது. 1970களின் இறுதியில் இந்த இனம் சரிந்தது. 1984இல் நாடாளுமன்றம் ஸ்ட்ரைப்ட் பாஸ் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றி, ஆணையத்தின் முடிவுக்குக் கட்டுப்படாத மாநிலத்தில் மீன்பிடிப்பையே நிறுத்தக் கூட்டரசுக்கு அதிகாரம் கொடுத்தது. மேரிலாந்து 1985 தொடக்கத்தில் முழுத்தடை போட்டது; 1990இல்தான் எடுத்தது. அந்த ஆண்டுகளில் மற்ற மாநிலங்கள் செய்தது என்னவென்றால், 1982இல் பிறந்த ஒரே ஒரு சுமாரான கூட்டத்தைக் காப்பாற்றுவதற்காகக் குறைந்தபட்ச அளவை ஆண்டுதோறும் அந்த மீன்களின் வளர்ச்சிக்கு முன்னே முன்னே உயர்த்திக்கொண்டு போனார்கள். பெண்மீன்கள் முட்டையிடும்வரை எவர் கையிலும் சட்டப்படி சிக்காதபடி. 1995இல் இனம் மீண்டதாக அறிவிக்கப்பட்டது. இப்போது நடப்பது அதே வேலைதான், தலைகீழாக.

முத்துநகரம் எழுதியது:

கரைத்தூண்டில் என்ற பெயரில் எழுதுபவரின் அக்கா நான்தான். இந்த இழையின் இணைப்பைத் தம்பியே அனுப்பினான். முதலில் ஒரு திருத்தம். மீன் ஏறிய நேரத்தில் "தளர்த்து, இறுக்கு, நட, நில்" என்று அவன் போட்ட சத்தத்தில்தான் நான்கைந்து பேர் வழிவிட்டார்கள். நீங்கள் சொல்லும் கரை ஒழுக்கத்தால் அல்ல. அதை அவன் எழுதவில்லை.

செசபீக் கரையோன் அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. தாய்மீனைப் பற்றிச் சொன்னது மனத்தில் தைத்தது. ஆனால் எனக்கு இன்னும் இரண்டு இடங்களில் இடறுகிறது.

எங்கள் ஊரில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த ஏற்பாட்டில் குறைகள் உண்டு. அந்த நாள்களில் மீனவர் வீடுகளில் அடுப்பு எரிவது எப்படி என்பதை நான் பார்த்து வளர்ந்தவள். இருந்தாலும் அதன் அடிப்படை எவருக்கும் புரியும்: முட்டையிடும் காலத்தில் கடலை விட்டுவிடு, பிறகு போய்ப் பிடி. இங்கேயோ கடல் திறந்தே கிடக்கிறது, பிடிப்பதற்குத் தடை இல்லை, பிடித்ததை விட வேண்டும் என்கிறார்கள். முள்ளேறி, அரை மைல் இழுபட்டு, பாறையில் கிடந்து, படம் எடுக்கப்பட்டு, பிறகு விடப்படும் மீன் என்ன ஆகிறது? அதை உண்ணப் பிடிப்பவன் குற்றவாளி, விளையாடப் பிடிப்பவன் பாதுகாவலன் என்றால் எனக்கு ஒப்பவில்லை.

இரண்டாவது. அன்று மாலை வீடு திரும்பும் வழியில் ஒரு மீன்கடையில் ஸ்ட்ரைப்ட் பாஸ் விலைக்கு இருந்தது. என் மீனைவிடப் பெரியது. கேட்டால், மாசசூசெட்ஸில் விற்பனைக்குப் பிடிப்பவர்களுக்குக் குறைந்தபட்ச அளவே 35 அங்குலம் என்கிறார்கள். 33 அங்குலத் தாயை நான் விட வேண்டும், 36 அங்குலத் தாயை இன்னொருவர் விற்கலாம் என்றால், செசபீக் கரையோன் சொன்ன முட்டைக் கணக்கு எங்கே போயிற்று?

ராரிட்டன் எழுதியது:

சகோதரி கேட்ட இரண்டாவது கேள்வியை நான் இந்தத் தளத்தில் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் இருக்கும் நியூ ஜெர்சியில் இந்த மீனை விற்பதற்காகப் பிடிப்பதே சட்டவிரோதம். கனெக்டிகட், நியூ ஹாம்ப்ஷர், மெய்ன் மாநிலங்களிலும் அப்படியே. மாசசூசெட்ஸ் விற்பனைக்கு இடம் கொடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை; ஆனால் அங்கே நடப்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். விற்பனைக்குப் பிடிப்பவர்களும் தூண்டில்கோலால்தான் பிடிக்க வேண்டும், வலைக்கு இடமில்லை. மாநிலம் முழுவதற்கும் சுமார் 7 இலட்சம் பவுண்டு என்று ஓர் உச்சவரம்பு உண்டு. அது நிரம்பியதும் பருவம் மூடப்படும். உச்சவரம்பு என்ற ஒன்றே இல்லாத கூட்டம் நாம்தான். முழுக் கரையையும் சேர்த்துப் பார்த்தால் இந்த இனத்தில் மனிதரால் ஏற்படும் சாவில் மிகப் பெரும் பங்கு பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களுடையது.

35 அங்குலம் என்ற எண்ணில் ஒரு காவல் வசதியும் இருக்கிறது. வீட்டுக்கு எடுத்துச் செல்லும் மீன் 31க்கு உள்ளே, கடைக்குப் போகும் மீன் 35க்கு மேலே என்றால், அந்த மாநிலத்தில் பிடித்த 30 அங்குல மீன் கடையில் கிடந்தாலே அது திருட்டுத்தனமாக வந்தது என்று அதிகாரிக்குத் தெரிந்துவிடும். இதனால் முட்டைக் கணக்குச் சரியாகிவிடுகிறது என்று நான் சொல்லவில்லை. அந்த இடத்தில் சகோதரி சொல்வதுதான் சரி. கொள்கை அங்கே தன்னோடு தானே முரண்படுகிறது.

செசபீக் கரையோன் எழுதியது:

ராரிட்டன் அவர்களோடு நான் உடன்படுகிறேன். 35 அங்குல விதியை உயிரியலால் நியாயப்படுத்த என்னால் முடியாது.

விடப்படும் மீனைப் பற்றி: ஆணையம் தன் கணக்கில் நூற்றுக்கு ஒன்பது சாகிறது என்று வைத்துக்கொள்கிறது. ஒன்பது என்பது குறைவாகத் தோன்றும். ஆனால் விடப்படும் மீனின் எண்ணிக்கை எடுத்துச் செல்லப்படுவதைப் போலப் பல மடங்கு என்பதால், சில ஆண்டுகளில் விடப்பட்டுச் செத்தவை உண்ணப்பட்டவற்றை மிஞ்சியிருக்கின்றன. ஆகவே சகோதரி சொன்ன அந்தக் கசப்பான வாக்கியத்தில் உண்மை இருக்கிறது. காலை முழுவதும் இருபது மீன் பிடித்து இருபதையும் விட்டுப் பெருமைப்படுபவர், ஒரே ஒரு மீனைப் பிடித்து எடுத்துக்கொண்டு கோலை மடக்கி வீட்டுக்குப் போனவரைவிட அதிகம் கொன்றிருக்கக்கூடும்.

ஆனால் அந்த ஒன்பது எல்லா இடத்துக்கும் பொதுவான சராசரி. நீர் சூடாகவும் உப்புக் குறைவாகவும் இருந்தால் அது ஏறும். அதனால்தான் மேரிலாந்து 2021இல் தொடங்கி ஜூலை 16 முதல் 31 வரை இந்த மீனைக் குறிவைப்பதையே தடுத்தது, விட்டாலும் குற்றம்தான். ஜூன் மாதக் கால்வாய் அப்படியல்ல. கேப் காட் விரிகுடாவின் குளிர்ந்த, உப்பு நிறைந்த நீர் அங்கே ஓடிக்கொண்டே இருக்கிறது. முள் வாயின் ஓரத்தில் ஏறியிருந்து, விரைவாக விட்டிருந்தால், உங்கள் மீன் பிழைத்திருக்கவே வாய்ப்பு அதிகம். செவுளிலோ தொண்டையிலோ ஏறியிருந்தால் கதை வேறு. விழுங்கிய முள்ளைத் தடுப்பதற்காகவே இயற்கை இரை வைப்பவர்கள் வட்டமுள் (நுனி உள்நோக்கி வளைந்த முள்) மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற விதி 2021 முதல் கரை முழுவதும் இருக்கிறது.

கரைத்தூண்டில் எழுதியது:

முள் மேலுதட்டின் ஓரத்தில்தான் இருந்தது. ஆனால் பென்சில் பாப்பரில் இருந்தவை மும்முனை முள்கள் இரண்டு. ஒன்று உதட்டில், மற்றொன்று துள்ளலில் கன்னத்தின் வெளிப்புறம் மாட்டியிருந்தது. இடுக்கியால் இரண்டையும் கழற்ற ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆயிற்று. வட்டமுள் விதி செயற்கை இரைக்குப் பொருந்தாது என்பதால் நான் அதைப் பற்றி எண்ணியதே இல்லை. இதற்கு என்ன செய்வது?

அக்கா, சத்தம் போட்டது உண்மைதான். ஆனால் "தளர்த்து" என்று நான் சொன்னபோது நீங்கள் இறுக்கினீர்கள் என்பதையும் எழுதியிருக்கலாம்.

பூர்ன்டேல் வாசி எழுதியது:

செயற்கை இரையிலிருந்து நடு மும்முனை முள்ளை எடுத்துவிடுங்கள். வாலில் இருப்பதைக் கழற்றி, அதே எடைக்குப் பொருந்தும் பெரிய ஒற்றை முள்ளை மாட்டுங்கள். முள்ளின் நுனிக்குப் பின்னால் எதிர்ப்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். எடை மாறினால் பாப்பரின் ஆட்டம் மாறும் என்பதால் வீட்டுத் தொட்டியிலோ குளத்திலோ மிதக்கவிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். மீன் தவறிப்போகும் என்று அஞ்ச வேண்டாம். நூலைத் தளரவிடாமல் வைத்திருந்தால் போதும், இந்த மீனின் வாய் சதைப்பற்றுள்ளது, ஒற்றை முள் நன்றாகவே பிடிக்கும். கழற்றுவது ஒரே திருகலில் முடியும்.

நூலில் கஞ்சத்தனம் வேண்டாம். அந்த நீரோட்டத்தில் மெல்லிய நூலும் சிறிய ரீலும் வைத்துக்கொண்டு கால்மணி நேரம் போராடுவதை வீரம் என்று சிலர் நினைக்கிறார்கள். மீன் களைத்துச் சாவதற்கு அதுவே முதற்காரணம். 10 அல்லது 11 அடிக் கோல், 50 பவுண்டு தாங்கும் பின்னல் நூல், அதே பலத்தில் முன்நரம்பு (நூலுக்கும் இரைக்கும் இடையில் கட்டும் நரம்பு) என்று வைத்து விரைவாகக் கரைசேருங்கள். செவுளுக்குள் விரல் நுழைக்காதீர்கள். தாடையை மட்டும் பற்றிச் செங்குத்தாகத் தொங்கவிடாமல் மறுகையால் வயிற்றைத் தாங்குங்கள். உலர்ந்த பாறையில் கிடத்தினால் மேல்பூச்சுச் சளி உரிந்துபோகும். நீர் நனைக்கும் பாறையிலேயே அளந்துவிடுங்கள். மீனைக் குத்தித் தூக்கும் குத்துக்கம்பி இனி கூடாது, அது விதி. விடும்போது தலையை நீரோட்டத்துக்கு எதிரே வைத்துப் பிடியுங்கள். உங்கள் கட்டைவிரலை அதுவாகக் கவ்வித் திமிறினால் விடலாம்.

இன்னொன்று. அந்தக் கரைப்பாறைகளில் நீர்மட்டத்துக்கு அருகே படியும் பச்சைப்பாசி கண்ணாடியாக வழுக்கும். அடியில் ஆணி வைத்த காலணி இல்லாமல் மீனை எடுக்கக் கீழே இறங்காதீர்கள். நான்கு கடல்மைல் வேகத்தில் விழுந்தவரை எவராலும் எட்டிப் பிடிக்க முடியாது.

முத்துநகரம் எழுதியது:

நூற்றுக்கு ஒன்பது என்ற கணக்கை ஏற்கிறேன். அப்படியென்றால் என் பக்கத்திலிருந்து ஒரு முறை சொல்கிறேன், தவறென்றால் சொல்லுங்கள். அடுத்த முறை போகும்போது 28க்கும் 31க்கும் இடையில் முதல் மீன் கிடைத்ததும் அதை எடுத்துக்கொள்வேன். அத்தோடு அன்றைய தூண்டில் முடிந்தது. தம்பி இன்னும் வீச வேண்டும் என்று அடம்பிடித்தால் அவன் பாடு. கிடைக்காவிட்டால், விட்டது போதும் என்று இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்வேன். பொழுது போகாவிட்டால் வேடிக்கை பார்க்க அங்கே கப்பல்கள் போகின்றன.

எடுத்தால் சமைப்பதைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். புளிக்குழம்புக்குத் தாங்குமா? பெரிய மீனில் பாதரசம் இருக்கிறது என்று மருமகள் எச்சரிக்கிறாள்.

ராரிட்டன் எழுதியது:

மருமகள் சொல்வது சரி. இந்த மீன் நீண்ட காலம் வாழ்ந்து, மற்ற மீன்களைத் தின்று பெருப்பது என்பதால் பாதரசமும், தொழிற்சாலைக் கழிவிலிருந்து வந்த பி.சி.பி. என்ற நச்சும் அதன் உடலில் சேருகின்றன. கரையோர மாநிலங்களின் சுகாதாரத் துறைகள் இதை அளவோடு உண்ணச் சொல்கின்றன. கருவுற்ற பெண்களும் சிறு குழந்தைகளும் தவிர்ப்பதே நல்லது. பி.சி.பி. கொழுப்பில் தங்குவது. ஆகவே தோலை உரித்து, வயிற்றுக் கொழுப்பை வெட்டி எறிந்து, பக்கவாட்டில் நடுக்கோட்டை ஒட்டி ஓடும் கருஞ்சிவப்புச் சதையைக் கத்தியால் கீறி எடுத்துவிடுங்கள். அந்தச் சிவப்புச் சதையில்தான் கவிச்சு வாடையும் இருக்கிறது.

பிடித்தவுடன் செவுளை அறுத்து இரத்தம் வடியவிட்டு, பனிக்கட்டியும் கடல்நீரும் கலந்த பெட்டியில் போடுங்கள். வீடு சேரும்வரை தலையும் வாலும் வெட்டாதீர்கள். வழியில் சுற்றுச்சூழல் காவலர் நிறுத்தினால் அளந்து காட்ட முழுமீன் வேண்டும். சதை வெண்மையாக, கெட்டியாக, பெரிய இதழ்களாகப் பிரியும். கொடுவாவுக்கு வைக்கும் குழம்பு அப்படியே பொருந்தும். குழம்பு கொதித்து அடங்கிய பிறகு துண்டங்களைப் போட்டுக் கரண்டி படாமல் சட்டியை மட்டும் அசைத்து இறக்குங்கள். தலையைத் தனியாக வைத்துச் சாறு காய்ச்சினால் அது துண்டங்களைவிடச் சுவை.

கரைத்தூண்டில் எழுதியது:

அக்காவின் முறைக்கு நான் உடன்படுகிறேன், ஒரு நிபந்தனையோடு: அவருடைய மீன் முதல் ஐந்து நிமிடத்தில் ஏறிவிட்டால் எனக்கும் ஒரு மீன் ஏறும்வரை அவர் காத்திருக்க வேண்டும். இரண்டரை மணி நேரம் வண்டி ஓட்டி வருகிறவர் அவர்தான் என்பதால் அவர் மறுக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

ஆடி அமாவாசை கழிந்த நாள்களில் போகலாமா, அல்லது நீர் சூடாகிவிடும் என்பதால் செப்டம்பர்வரை பொறுக்கலாமா? பூர்ன்டேல் வாசி ஐயா சொன்னால் நாளைக் குறித்துவிடுவேன்.

பூர்ன்டேல் வாசி எழுதியது:

செப்டம்பருக்குப் பொறுங்கள். கோடையின் உச்சியிலும் கால்வாயின் நீர் மற்ற இடங்களைவிடக் குளிர்ந்துதான் இருக்கும், மீனும் இருக்கும். ஆனால் கூட்டம் தாங்காது, விடியலும் சீக்கிரம். செப்டம்பர் பிற்பகுதியில் மீன்கள் தெற்கே திரும்பத் தொடங்கும் முன் நன்றாகத் தின்னும். அப்போது அமாவாசைக்குப் பிறகு வரும் இரண்டாம், மூன்றாம் நாள் விடியலில் நீர் கிழக்கே திரும்பும். ராணுவப் பொறியாளர் படை ஒவ்வொரு நாளும் நீரோட்டம் திரும்பும் நேரத்தை அட்டவணையாக வெளியிடுகிறது. ஓத அட்டவணையைப் பார்க்காதீர்கள், நீரோட்ட அட்டவணையைப் பாருங்கள். அங்கே இரண்டும் ஒன்றல்ல.

வடகரையில் ஹெரிங் ரன் வாகன நிறுத்தத்துக்கு, திரும்பும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னரே வந்துவிடுங்கள். கையில் மிதிவண்டி இருந்தால் கொண்டுவாருங்கள். மீன் கூட்டம் மேற்கே இறங்கினால் பின்தொடர அதைவிடச் சிறந்த வழி இல்லை. அங்கே ஓடையில் ஏறும் ஹெரிங்கைத் தொட வேண்டாம். 2006 முதல் மாநிலம் முழுவதும் அதைப் பிடிக்கத் தடை. அக்காவுக்கு ஆணிக்காலணி வாங்கிக் கொடுக்கும் செலவு தம்பியுடையது.

முத்துநகரம் எழுதியது:

அளவு ஏழரை.